ராசிபுரம் நெய்யும் நீ போட்ட ரோடும்

சாமி, அப்பா எழுதுகிறேன். நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கப் போவதில்லை. நன்றாகத்தான் இருக்கிறாய். உன் மாமனாராகப் போகிறவர் வீட்டில் வாரத்தில் நாலு நாள் சாப்பாடு, ராசிபுரத்துப் பக்கம் இருக்கும் அவருடைய தார் பிளான்டில் உனக்கென்று தனி அறை, அதில் நீ தாரை வைத்துச் சோதனை செய்ய நாலைந்து மிஷின் என்று உன் அம்மா வாய் நிறையச் சொல்கிறாள். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்துக்கொண்டு எழுதினால் இந்தக் கடிதம் எழுதியே பிரயோஜனம் இல்லை. போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ "சொல்லுங்கப்பா" என்று ஆரம்பித்ததும் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறேன். மழை பெய்ததா, ஜல்லி லோடு வந்ததா, அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று எதையாவது பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். ஆறு வருடமாக அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறேன். வருகிற திங்கட்கிழமைக்குள் இதை நீ படித்தாக வேண்டும். அதனால்தான் சங்ககிரி தபால் ஆபீசை நம்பாமல், நம் லாரி டிரைவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

வியாழக்கிழமை உன் மாமனார் நம் வீட்டுக்கு வந்தார். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன்னால் பெயரெல்லாம் சரியாக இருக்கிறதா என்று காட்ட வந்தார். உன் அம்மா வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு வைத்திருந்தாள், நெய் சொட்டச் சொட்ட. சாப்பிட்டுக்கொண்டே அலமாரியைப் பார்த்தவர், "ஏனுங்க சம்மந்தி, இத்தனை நெய் டின்னை அடுக்கி வெச்சிருக்கறீங்க, கடை கிடை போடப் போறீங்களா?" என்று கேட்டார். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் பத்திரிகையைப் பார்த்தேன். அந்த நெய் கதைக்குப் பிறகு வருகிறேன்.

அவர் பேச்சு முழுக்க நீதான். காலையில் நீ என்ன சொன்னாய், மத்தியானம் என்ன சாப்பிட்டாய், எந்த இன்ஜினியர் உன்னிடம் என்ன கேட்டார், நீ என்ன பதில் சொன்னாய். "என்ற பையனாட்டம்தான் பாத்துக்கறனுங்க" என்றார். என்ற பையன் என்று நான் சொல்ல வேண்டியதை என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் வீட்டுக் கச்சாயத்தைத் தின்றுகொண்டு அவர் சொல்கிறார். நல்ல மனுஷன்தான். இன்னும் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அவர் என் பிள்ளையை ஊட்டி வளர்த்தார், அவருடைய பிளான்ட் வளர்ந்தது. நான் யாரையும் ஊட்டி வளர்க்கவில்லை, எனக்கு யாரும் வளரவில்லை.

கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே ஒன்று சொன்னார். "எல்லாம் அருமையாப் பண்றானுங்க. ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலீங்க. தார் டேங்க்குக்கு எழுதற தாள்ல கையெழுத்து மட்டும் போட மாட்டீங்கறான். மூணு வருசமாச்சு, ஒரு தாள்ல போட்டதில்ல. கலக்கறதெல்லாம் அவன்தான், கையெழுத்துக்கு மட்டும் பெரியவங்க ஆரையாச்சும் கூப்பிடறான். திங்கக்கெழம பெரிய ரோட்டு வேல ஆரம்பிக்குது. கலந்தவன்தான் கையெழுத்துப் போடோணும்னு கண்டிசன். 'முடியாதுங்க மாமா, வேற ஆளப் பாத்துக்கோங்க'ங்கறான். கேட்டா, 'சங்ககிரி ரோட்டுல ஒருக்கா போட்டேன், அதுவே போதுங்க'ங்கறான். நீங்க அப்பன், நீங்க சொன்னாக் கேப்பானுங்க."

நான் தலையாட்டினேன். அவர் கார் தெருமுனை திரும்பும் வரைக்கும் வாசலிலேயே நின்றேன். உள்ளே வந்ததும் உன் அம்மா, "ஏனுங்க, மொகம் ஏன் இப்பிடிப் போச்சு?" என்று கேட்டாள். நெய் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். அந்த நேரத்திலும் முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? உன் பயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லையே என்றுதான். அதற்குப் பிறகுதான் அந்தப் பயத்தை உனக்குள் வைத்தது யார் என்பது உறைத்தது.

முதலிலிருந்தே சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் நான் நின்ற பக்கத்திலிருந்து நீ பார்த்ததில்லை. நீ காலேஜ் முடித்துவிட்டு வந்தபோது நான் ரோடு போட ஆரம்பித்து முப்பது வருடம் ஆகியிருந்தது. எந்தப் படிப்பும் இல்லாமல், தார் சட்டியில் ஒரு வேப்பங்குச்சியை முக்கித் தூக்கி, அது ஒழுகுகிற விதத்தையும் வாசனையையும் வைத்து, இது போதும், இது கருகிவிட்டது, இது இன்னும் வேக வேண்டும் என்று சொல்வேன். இன்ஜினியர்கள் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் சரி என்று தலையசைத்தால்தான் லோடு போகும். அந்தக் குச்சிதான் என் பட்டம். நீ வந்தாய். இரண்டு மூட்டை வெள்ளைக் குருணையை இறக்கினாய். உன் அம்மா ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "ஜவ்வரிசியாட்டம் இருக்குது, பாயசம் வெக்கறதுக்கா சாமி?" என்று கேட்டாள். நீ சிரித்துக்கொண்டு, "இதுதாம்மா பாலிமர். ரப்பர் சாதி. தார்ல கலந்தா வெயிலுக்கு இளகாது, மழைக்கு வெடிக்காது" என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வந்துட்டாருடா தகப்பன்சாமி" என்று ரோலர் டிரைவரிடம் சொன்னேன். உன் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். விழுந்தது. நீ அடுத்த மூட்டையைப் பிரிக்கப் போய்விட்டாய்.

உன் மேல் தப்பே சொல்ல முடியாது, அதுதான் எனக்கு எரிச்சல். எனக்குப் புரியும்படி எத்தனை தடவை சொன்னாய்! நம் ஊரில் சித்திரை வெயிலில் தார் இளகி, லோடு லாரி போன தடத்தில் வாய்க்கால் மாதிரிப் பள்ளம் விழுகிறது, ஐப்பசி மழையில் வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கி ஜல்லி கழன்று வருகிறது, இரண்டுக்கும் இது மருந்து என்றாய். தாரைச் சூடாக்கி, குருணையைக் கொட்டி, அரைக்கிற மிஷினில் விட்டுக் கலக்க வேண்டும். கலந்த பிறகு டேங்கில் துடுப்பு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். "மோட்டார மட்டும் நிறுத்தீராதீங்கப்பா. ஜவ்வரிசின்னா அடியில தங்கும், இது நேரெதிர். நிறுத்துனா பாலிமர் பிரிஞ்சு மேல மெதந்துரும். அப்பறம் துடுப்பு எத்தனை சுத்துனாலும் சேராது" என்று எனக்கும் சொன்னாய், டேங்கைப் பார்த்துக்கொள்ளும் சின்னுச்சாமிக்கும் சொன்னாய். மறக்கவில்லை, சாமி. எனக்குப் புரியாமல் நடந்தது இல்லை அது. ரொம்ப நன்றாகப் புரிந்ததனால்தான் நடந்தது.

சங்ககிரி ரோட்டு வேலை ஆரம்பிப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நெடுஞ்சாலை இன்ஜினியர் வந்திருந்தார். முப்பது வருடப் பழக்கம். எப்போதும் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே "எங்கீங்க பெரியவரு?" என்று என்னைக் கேட்பார். அன்று இறங்கியதும் "தம்பி எங்கீங்க?" என்றார். நான் பக்கத்தில் நிற்கிறேன், என்னிடமே கேட்கிறார். நீ ஆறிய தாரை நூலாக இழுத்து, நடுவில் கத்திரியால் வெட்டிக் காட்டினாய். பழைய தார் வெட்டின இடத்திலேயே செத்துக் கிடந்தது. உன் தார் உயிருள்ள புழு மாதிரிச் சுருங்கிச் சுருங்கிப் பழைய அளவுக்கு வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். ரோலர் டிரைவர் தட்டினான், கலவையை விரிக்கிற பேவர் மிஷின்காரன் தட்டினான், நானும் தட்டினேன். அப்புறம் இன்ஜினியர் என் பக்கம் திரும்பி, தமாஷாகத்தான், "உங்க வேப்பங்குச்சிக்கு ஓய்வு குடுத்துருங்க" என்றார். கூட்டமே சிரித்தது. நீயும் சிரித்தாய். கேலியாகச் சிரிக்கவில்லை, சந்தோஷத்தில் சிரித்தாய். அது எனக்கு அன்றே தெரியும். தெரிந்தும் அந்தச் சிரிப்பை இரவு சாப்பாட்டுக்கு உட்காரும் வரைக்கும் மென்றுகொண்டிருந்தேன். சாப்பாட்டில் உன் அம்மா உனக்கு முதலில் பரிமாறினாள். ஒரு பெரிய மனுஷனுக்கு இதெல்லாம் ஒரு குறையா என்று கேட்பாய். குறைதான், அன்றைக்கு அதுவும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் சனிக்கிழமை. நீ சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸில் உன் சிநேகிதன் வைத்திருந்த சோதனை மிஷினை வாங்கிவர பஸ் ஏறினாய், ஞாயிறு அங்கேயே தங்கிவிட்டுத் திங்கள் காலையில் வருவதாகச் சொன்னாய். மத்தியானம் பிளான்டில் வேறு வேலை இல்லை. டேங்க் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் சின்னுச்சாமியைக் கூப்பிட்டு, "மோட்டார அணைச்சுடு. ரெண்டு நாளைக்குச் சும்மா எதுக்கு ஓடோணும்?" என்றேன். அவன் தயங்கினான். "சின்னவரு நிறுத்தவே கூடாதுன்னு சொன்னாருங்களே." "பிளான்டு அவனுதா, என்றதா?" அவ்வளவுதான். அவன் போய் அணைத்தான். அணைத்துவிட்டு, எழுதப்படிக்கத் தெரிந்த ஒழுங்கான ஆள் பார், டேங்க் தாளில் எழுதியும் வைத்தான்: சனி மதியம் மோட்டார் நிறுத்தம், முதலாளி உத்தரவு. திங்கள் விடியற்காலையில் நான்தான் போய்த் திரும்பப் போடச் சொன்னேன். அதையும் எழுதினான். நான் அந்தத் தாளைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மோட்டார் நிற்காமல் ஓடியதாக வேறு தாள் எழுதச் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் எழுதினான். அடுத்த மாதமே ஆத்தூர்ப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டான். ஏன் போனான் என்று நீ கேட்டபோது, சம்சாரத்தின் ஊர் அது என்று சொன்னேன். அதுவும் பொய்.

திங்கட்கிழமை நீ வந்து இறங்கியதும் என்ன கேட்டாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? "ஒரு அரை மணி நேரம் குடுங்கப்பா, டேங்க்ல மேலயும் கீழயும் சாம்பிள் எடுத்துப் பாத்தர்றேன்." ரோட்டில் பூசணிக்காய் உடைத்தாயிற்று, ரோலர் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நான் வாட்சைத் தட்டிக் காட்டினேன். "ஏழரைக்கு ராகு காலம் பொறக்குது. அதுக்குள்ள மொதல் லோடு எறங்கோணும். உன்ற சாம்பிளுக்கோசரம் நல்ல நேரம் காத்துக்கிட்டிருக்குமா?" என்றேன். நீ அந்த எழுதிய தாளைப் பார்த்தாய். மோட்டார் ஓடியிருக்கிறது, சூடு சரியாக இருக்கிறது. என் முகத்தைப் பார்த்தாய். அப்பன் பொய் சொல்ல மாட்டான் என்று கீழே கையெழுத்துப் போட்டாய். சாமி, ராகு காலத்திலேயே நான் எத்தனையோ ரோடு போட்டிருக்கிறேன். அன்று நல்ல நேரம் எனக்கு ஒரு சாக்கு. அரை மணி நேரம் கொடுத்திருந்தால் நீ கண்டுபிடித்திருப்பாய். உன் பெயர் தப்பியிருக்கும், என் குட்டு வெளிப்பட்டிருக்கும். அன்று நீ செய்த ஒரே தப்பு, என் பேச்சைக் கேட்டது.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். டேங்கின் அடியிலிருந்து முதலில் வந்ததெல்லாம் பாலிமர் இல்லாத தார். சித்திரை பிறந்ததும் லாரிகள் திரும்புகிற இடத்தில் அது இளகி, செருப்பு ஒட்டுகிற அளவுக்கு மேலே வந்து, சக்கரத்தடம் பள்ளமாகிவிட்டது. கடைசியில் வந்தது கட்டி கட்டியாய், ஜல்லியைப் பிடிக்காமல், கையால் அள்ளினால் வருகிற மாதிரி ஆயிற்று. லாரிக்காரர்கள் திட்டினார்கள். இன்ஜினியர் வந்து நின்றார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் நீ, "தப்பு என்னோடதுதானுங்க சார். கையெழுத்து என்னோடது" என்றாய். நான் உனக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். மடித்த தாள் என் சட்டைப்பையில்கூட இல்லை, வீட்டில் பீரோவில் இருந்தது. ஆனாலும் அது நெஞ்சில் குத்தியது. சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். சொல்லவில்லை. இன்ஜினியர் என்னிடம், "பெரியவரே, நீங்க பழைய முறையிலயே போட்டுக் குடுத்துருங்க" என்றபோது எனக்குள் ஒரு குளிர்ச்சி வந்தது. அதையும் எழுதுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுக் குச்சியை முக்கிப் பார்த்து நானே போட்டேன். அடுத்த மழைக்கடுத்த மழையில் அதுவும் குழியாகிவிட்டது. அதற்கு யாரும் என்னைக் கேட்கவில்லை. எல்லார் ரோடும் குழியாகிறது, என் ரோடும் குழியானது, அவ்வளவுதான்.

கெடுக்க வேண்டும் என்றே செய்தேனா? இந்த ஆறு வருடமும் இல்லை, இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறதி என்றேன், சிக்கனம் என்றேன், இரண்டு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்ததாகச் சொன்னேன். உண்மை என்னவென்றால், நீ கொஞ்சம் சறுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ரொம்ப வேண்டாம், கொஞ்சம். "இப்ப என்னங்கப்பா பண்றது?" என்று என்னிடம் வந்து நிற்கிற அளவுக்கு. நீ வந்து நின்றிருந்தால் உன் தோளில் கை போட்டு, "உடு சாமி, பாத்துக்கலாம்" என்று சொல்லியிருப்பேன். அதற்கு எல்லா வசனமும் தயாராக வைத்திருந்தேன். நீ என்னிடம் வரவில்லை. ஒரு மாதம் யாரிடமும் பேசாமல் இருந்தாய். எங்கெங்கோ கணக்குப் போட்டுப் பார்த்தாய், எங்கே தப்பு விட்டேன் என்று நோட்டு நோட்டாக எழுதினாய். கிடைக்குமா? தப்பு நோட்டில் இல்லை, என் பீரோவில் இருந்தது. அப்புறம் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய், மூன்று வருடம் எங்கெங்கோ வேலை பார்த்தாய். ஆழ்துளைக் கிணறு வண்டி ஓட்டிச் சம்பாதித்து, புதிதாக ரோடு வேலைக்கு வந்திருந்த இதே மாமனார்தான், "ஒருக்கா தோத்தவன்தான் கண்ணு எனக்கு வேணும்" என்று உன்னைச் சேர்த்துக்கொண்டார். அந்த வாக்கியத்தை நீ அம்மாவிடம் சொல்லி அழுதாயாம். அவள் என்னிடம் சொன்னாள். நான் சொல்ல வேண்டிய வாக்கியம் அது.

இப்போது நெய்க்கு வருகிறேன். ராசிபுரம் போகிற வழியில் நீ அவருக்காக முதன்முதலில் போட்ட அந்தத் துண்டு ரோடு இருக்கிறதே, அதைப் பார்க்கப் போவதுதான் மூன்று வருடமாக என் வேலை. வீட்டில் என்ன சொல்லிக்கொண்டு போவது? "நல்ல நெய்யா ஒரு டின் வாங்கிட்டு வாரேன்" என்று கிளம்புவேன். கோடைக்கு ஒரு டின், மழைக்கு ஒரு டின், மனசு கேட்காதபோது நடுவில் ஒரு டின். பள்ளம் விழுந்திருக்க வேண்டும், வெடித்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போவேன். இப்படி வேண்டிக்கொண்டு போன தகப்பனை எந்தச் சாமிக்கும் பிடிக்காது. உச்சி வெயிலில் வண்டியை ஓரம் நிறுத்தி, முட்டி போட்டு, வண்டிச் சாவியின் நுனியால் அழுத்திப் பார்ப்பேன். இறங்காது. ஒரு நீளக் கட்டையைக் குறுக்கே வைத்துக் குனிந்து பார்ப்பேன். ஒரு விரல் நுழைகிற சந்துகூட இருக்காது. ஒரு நாள் பக்கத்து டீக்கடைக்காரர் ஓடிவந்து, "என்னத்தைங்க தேடறீங்க?" என்றார். என்ன சொல்வது? "சாவிங்க" என்றேன். பாவம், அவரும் குனிந்து தேடினார். சாவி என் கையிலேயே இருந்ததைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு டீ கொண்டுவந்து கொடுத்தார். வெயிலில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறேன். போன தீபாவளிக்கு, "நெய் தீந்தபாடில்ல, ரோடு எப்பிடி இருக்குதுங்க?" என்றாள். நான் "ம்" என்றேன்.

போன ஐப்பசி மழையில்தான் கடைசியாகப் போனேன். முன்னும் பின்னும் ரோடெல்லாம் தண்ணீர் நிற்கிற குழி, வண்டிகள் ஆடி ஆடி வருகின்றன. உன் துண்டு வந்ததும் ஆட்டம் நின்றுவிடுகிறது. அந்த இடம் வந்ததும் ஒரு லாரி பெருமூச்சு விட்டுக் கியர் மாற்றியது எனக்குக் கேட்டது. அன்று எனக்கு இரண்டும் ஒன்றாக வந்தது சாமி, பொறாமையும் பெருமையும். எது எது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இறங்கிப் போய் அந்த லாரிக்காரனை நிறுத்தி, இது என்ற பையன் போட்ட ரோடு என்று சொல்லலாமா என்று தோன்றியது. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நெய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்லி எழுதுவது வழக்கம். துடுப்பை நிறுத்தாதே, குடும்பமும் டேங்க் மாதிரிதான் என்று எழுதலாம் என்று வந்தது, உனக்குச் சிரிப்பு வரும், விட்டுவிட்டேன். எனக்குப் புத்தி சொல்லும் தகுதி இருப்பது ஒரே ஒரு விஷயத்தில்தான், ஏனென்றால் அதில்தான் நான் நன்றாகத் தோற்றிருக்கிறேன். நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். அது ஆணோ பெண்ணோ, ஒரு நாள் உன் எதிரில் நின்று, உன் பாலிமரெல்லாம் பழசு, இதைப் பார் என்று எதையோ கொண்டுவந்து கொட்டும். ஊர் கை தட்டும். அன்று உனக்கு வயிறு எரியும். எரியட்டும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, ரத்தம் அப்படி. கையை மட்டும் சும்மா வைத்துக்கொள். எந்த மோட்டார் பக்கமும் போகாதே. முடிந்தால், எரிகிறது என்று அந்தப் பிள்ளையிடமே வாய்விட்டுச் சொல்லிவிடு. நான் அந்த வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டிலேயே "எனக்குப் பொறாமையா இருக்குதுடா" என்று சொல்லியிருந்தால், நீ என்ன செய்திருப்பாய்? "போங்கப்பா" என்று சிரித்துவிட்டு, உன் தட்டில் இருந்த வடையை எனக்கு வைத்திருப்பாய். அவ்வளவில் முடிந்திருக்கும்.

உன் மாமனார் உன்னைக் கையெழுத்துப் போடச் சொல்லச் சொன்னார். அவர் சொன்னதற்காக நான் இதை எழுதவில்லை, அதைத் தெரிந்துகொள். தப்பு உன்னுடையதில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன். உன் கணக்கு அன்றும் சரி, இன்றும் சரி. சங்ககிரி ரோட்டைக் கெடுத்தது உன் கலவை இல்லை. இந்தக் கடிதத்தை நீ அவரிடம் காட்டலாம், கல்யாணத்துக்கு முன்னாலேயே காட்டலாம். மணமேடையில் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். அந்த இன்ஜினியரிடம் நானே போய்ச் சொல்கிறேன். இப்போது ரிட்டயர்டாகி ஊரில்தான் இருக்கிறார், நாளைக் காலையில் போகிறேன். நீ என்னோடு பேசாமல் போனாலும் போ. அது உன் இஷ்டம், நான் எதிர்த்துப் பேச மாட்டேன். ஆனால் திங்கட்கிழமை காலையில் உன் மாமனாரும் வாட்சைப் பார்ப்பார், அவரும் நல்ல நேரம் பார்க்கிற ஆள்தான். மேலேயும் கீழேயும் சாம்பிள் பார்க்காமல் ஒரு லோடும் வெளியே விடாதே. ராகு காலத்தில் போனால் போகட்டும். யார் அவசரப்படுத்தினாலும் விடாதே, அப்பன் என்று சொல்லிக்கொண்டு யார் வந்து நின்றாலும் விடாதே.

இதோடு ஒரு பழைய தாளை மடித்து வைத்திருக்கிறேன், பார். மடிப்பில் கிழிந்திருக்கிறது, மெதுவாகப் பிரி. சின்னுச்சாமியின் கையெழுத்து உனக்கு அடையாளம் தெரியும். அவன் எழுதியது எழுதியபடியே இருக்கிறது, சனி மதியம், திங்கள் விடியல், முதலாளி உத்தரவு. கீழே பொறுப்பாளர் கையொப்பம் என்ற இடத்தை ஆறு வருடமாகக் காலியாக வைத்திருந்தேன். இன்று காலை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அதில் என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். கொஞ்சம் கோணலாக விழுந்திருக்கிறது, ஆனால் என்னுடையதுதான். அந்த ரோடு இனி என் பேரில் இருக்கட்டும். திங்கட்கிழமை ரோட்டுக்கு நீ உன் கையெழுத்தைப் போடு.

போட்டு முடித்ததும் எனக்கு ஒரு போன் செய். திட்டுவதற்கென்றாலும் சரி, முதலில் எனக்குச் செய் சாமி. அவருக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

உன் அப்பா